வெப்ப ஆண்டின் சிவப்பு ஒயின் முதிரும்போது என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்ப ஆண்டு என்று எதைச் சொல்கிறோம்?

திராட்சை காய்த்துப் பழுக்கும் மாதங்களில் அந்தப் பகுதியின் வழக்கத்தைவிட வெயில் கூடுதலாக அடித்த ஆண்டு. ஆனால் வெயிலிலும் இரண்டு வகை உண்டு. பருவம் முழுக்கச் சீராகச் சூடாக இருந்து, கொடிக்கு ஓரளவு தண்ணீரும் கிடைத்திருந்தால் பழம் நன்றாகப் பக்குவப்படும். பிரான்சின் போர்தோ பகுதியில் 1982, 2009 ஆகியவை அப்படிப்பட்டவை. அனல் அலையாக வந்து தாக்கும் வெயில் வேறு. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவைச் சுட்டது அதுதான். பிரான்சின் இன்னொரு பகுதியான பர்கண்டியில் வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும் அறுவடை அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கியது. வெயில் தாளாமல் கொடி இலைத்துளைகளை மூடிக்கொண்டது. பழத்தின் வளர்ச்சி நின்றது. நீர் வற்றியதால் சர்க்கரை மட்டும் செறிந்தது. இரண்டுமே வெப்ப ஆண்டுதான். ஆனால் அவற்றின் ஒயின்கள் முதிரும் விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரு புட்டியின் எதிர்காலத்தைக் கணிக்க, அந்த ஆண்டு எவ்வளவு சூடு என்பதோடு எந்த வகைச் சூடு என்பதையும் கேட்க வேண்டும்.

வெயில் பழத்துக்குள் எதை மாற்றுகிறது?

முதலில் அமிலம். திராட்சையில் முக்கியமாக இருப்பவை டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்கள். டார்டாரிக் வெயிலுக்கு அசையாது. மாலிக்கைப் பழம் சுவாசத்திலேயே எரித்துவிடும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேகமாக எரிக்கும். ஆகவே வெப்ப ஆண்டின் சாற்றில் மொத்த அமிலம் குறைந்து பிஎச் (அமிலத்தன்மையின் அளவீடு; அமிலம் குறைந்தால் இது ஏறும்) ஏறிவிடும். சாதாரண ஆண்டில் 3.5 அளவில் நிற்கும் சிவப்பு ஒயின், இப்படிப்பட்ட ஆண்டில் 3.8, 3.9 வரைகூடப் போகும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிஎச் அளவுகோல் மடக்கை முறையில் செல்வதால், 3.5-இலிருந்து 3.8-க்குப் போனாலே ஹைட்ரஜன் அயனிகள் பாதியாகிவிடுகின்றன.

அடுத்தது சர்க்கரை. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் நொதித்தால் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது நிறத்தையும், துவர்ப்பு தரும் பொருளான டானினையும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது, தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் உருவாவது தடைப்படுகிறது. டானின் பக்குவப்பட அதற்கென்று காலம் வேண்டும். சர்க்கரை ஓடிப் போய் முன்னால் நிற்க, விதையின் டானின் பின்தங்கிவிட்டால் ஆல்கஹால் மிகுந்தும் துவர்ப்பு கரடாகவும் உள்ள ஒயின்தான் கிடைக்கும். 2003-இல் பல இடங்களில் நடந்தது இதுதான்.

இளமையில் அவ்வளவு நன்றாக இருக்கிறதே, அப்படியே முதிர்ந்தால் இன்னும் நன்றாக இருக்காதா?

அதிகமாக ஏமாற்றுவது இந்த எண்ணம்தான். முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் வெப்ப ஆண்டின் ஒயின் பழச்சுவையால் நிறைந்திருக்கும்: கனிந்த கருப்புச் செர்ரி, பிளம், சில நேரம் ஜாம். அமிலம் குறைவு என்பதால் நாக்கில் மிருதுவாக உருளும். ஆல்கஹால் இனிப்பு போன்ற ஒரு நிறைவைத் தரும். குளிர்ந்த ஆண்டின் ஒயின் அதே வயதில் இறுகிப்போய்ப் பேசாமல் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் யாரும் வெப்ப ஆண்டையே தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் காலம் முதலில் எடுத்துக்கொண்டு போவது அந்தப் பழச்சுவையைத்தான். அது வற்றிய பிறகு மிஞ்சுவது அமிலம், டானின், ஆல்கஹால் மூன்றும். ஆல்கஹால் புட்டிக்குள் குறைவதே இல்லை; 15 சதவீதம் இருபது ஆண்டுக்குப் பிறகும் 15 சதவீதம்தான். டானின் மெல்ல மெல்ல இணைந்து வண்டலாகப் படியும். அமிலம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எனவே இளமையில் பழத்தின் பின்னால் மறைந்திருந்த குறை எதுவானாலும் முதுமையில் முன்னால் வந்து நிற்கும். அமிலம் குறைந்த ஒயின் தொய்ந்துபோகும். ஆல்கஹால் மிகுந்தது தொண்டையில் சுடும். பக்குவப்படாத டானின் ஈறுகளைக் காயவைக்கும்.

அப்படியானால் வெப்ப ஆண்டின் ஒயின்கள் எல்லாம் சீக்கிரம் செத்துவிடுமா?

இல்லை. நிறையப் பேர் இதை விதியாகவே நம்புகிறார்கள். வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1947, 1959 இரண்டுமே போர்தோவில் கடுமையான வெப்ப ஆண்டுகள். 1959 ஒயின்களுக்கு அமிலம் போதாது, நீடிக்காது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. பல பத்தாண்டுகள் கழிந்தும் அவற்றில் சிறந்தவை தளராமல் நின்றன. 1982-ஐப் பற்றியும் சிலர் இதையே சொன்னார்கள். போர்தோவின் சாந்தெமிலியோனில் உள்ள ஷவால் பிளாங் தோட்டத்தின் 1947 ஒயின், ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேல், கொஞ்சம் எஞ்சிய சர்க்கரை, ஆவியாகும் அமிலமும் (வினிகர் மணம் தருவது) மிகுதி என்று பாடப்புத்தகம் குறையாகச் சொல்லும் எல்லாவற்றையும் கொண்டிருந்தது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்றாயிற்று.

2003-க்குள்ளேயே இந்தப் பிளவைப் பார்க்கலாம். போர்தோவின் வடக்கே, ஜிரோந் கழிமுகத்தை ஒட்டிய சான் எஸ்தெஃப் கிராமத்தில் நிலத்தடியில் களிமண் உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைத்தது. பக்கத்து நீர்ப்பரப்பு வெப்பத்தைத் தணித்தது. அங்குள்ள மோன்ரோஸ் தோட்டத்தின் 2003 இன்றும் அந்த ஆண்டின் சிறந்த ஒயின்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதே ஆண்டில் மணலும் சரளையும் கலந்த நிலத்தில் விளைந்த மெர்லோ வகைத் திராட்சை பலவும் தாகத்தில் வாடிச் சீக்கிரமே தளர்ந்தன. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். வேருக்குத் தண்ணீர் கிடைத்ததா என்பதே வேறுபாடு. எனவே ஆண்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே சொல்வோம்.

வருடங்கள் போகப்போக என்னென்ன மாறும்?

போர்தோ பாணியில், கேபர்னே சாவிஞானும் மெர்லோவும் கலந்த நல்ல ஒயினை எடுத்துக்கொள்வோம். மற்ற வகைகளுக்கு இந்தக் கணக்கை முன்பின்னாக நகர்த்திக்கொள்ளலாம்.

முதல் மூன்று ஆண்டுகளில் ஊதா கலந்த ஆழ்ந்த சிவப்பு. மணம் கனிந்த பழமும், பீப்பாயிலிருந்து வந்த வனிலா, கிராம்பு வாசனையும். குளிர்ந்த ஆண்டுகளின் ஒயின் நான்கு முதல் எட்டு ஆண்டுக்குள் ஒருமுறை வாய்மூடிக்கொள்வது வழக்கம், மணமே வெளிவராது. வெப்ப ஆண்டில் இந்த மௌனக் காலம் குறுகியது, சில ஒயின்களில் வருவதே இல்லை.

ஆறாம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் ஆண்டுவரை பெரும்பாலானவற்றின் நல்ல காலம். புதுப் பழ மணம் உலர்பழமாக மாறும்: உலர்ந்த பிளம், அத்தி, உலர்திராட்சை. கூடவே புகையிலை, சீடார் மரம், தோல். டானின் இணைந்து பட்டுப்போல் ஆகும். நிறம் மாணிக்கச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்தை நோக்கி நகரும்.

அதற்குப் பிறகு பிரிவினை. அமிலமும் டானினும் சரியாக அமைந்தவை காட்டுக் காளான், ஈரமண், டிரஃபிள் மணத்தோடு மெல்ல முதிரும். மற்றவை உலர்பழத்தோடு நின்றுபோய், அதன் பிறகு சோயா சாஸ், வேகவைத்த பழக்கூழ் போன்ற மணத்துக்குச் சரியும். அங்கிருந்து மீள வழி கிடையாது.

உலர்ந்த பிளம் மணம் வந்தாலே ஒயின் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

அது எப்போது வந்தது, தனியாக வந்ததா என்பதைப் பொறுத்தது. இருபது வயது ஒயினில் மற்ற மணங்களுக்கு நடுவே அது இருந்தால் இயல்பு. ஐந்து வயதிலேயே அது மட்டும் மேலோங்கி நின்றால், காலத்துக்கு முன் முதிர்கிறது என்று பொருள். இந்த மணத்துக்குப் பின்னால் சில சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானது 3-மெத்தில்-2,4-நோனேன்டையோன். ஆக்சிஜன் பட்டால் கூடும். காமா-நோனாலாக்டோன் இன்னொன்று, அது வெயிலில் கனிந்து சுருங்கிய பழத்திலேயே மிகுதியாக இருக்கும். அதாவது கொடியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டிருக்கும். பழம் சுருங்கும்வரை தாமதித்து அறுவடை செய்தவர்களின் ஒயின் வேகமாக முதிர்வதற்கு இது ஒரு காரணம்.

பிஎச் ஏறினால் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

ஒயினைப் பாதுகாப்பது கந்தக டை ஆக்சைடு. அதில் கிருமிகளைத் தடுக்கும் வலிமை மூலக்கூறு வடிவத்துக்குத்தான் உண்டு. பிஎச் 3.4-இல் கட்டற்ற (வேறு எதனோடும் பிணையாத) கந்தக டை ஆக்சைடில் 2.5 சதவீதம் அந்த வடிவத்தில் இருக்கும், 3.8-இல் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. லிட்டருக்கு 0.6 மி.கி. மூலக்கூறு வடிவம் வேண்டுமென்றால் முதல் ஒயினுக்கு 24 மி.கி. போதும், இரண்டாவதற்கு 60 மி.கி. வரை வேண்டும். தயாரிப்பாளர் வழக்கமான அளவையே போட்டிருந்தால் அந்த ஒயின் பாதுகாப்பே இல்லாமல் புட்டிக்குள் போயிருக்கிறது.

அதன் விளைவாக வருவது பெரும்பாலும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். ஆல்கஹால் மிகுதியால் நொதித்தல் முழுமையாக முடியாமல் லிட்டருக்கு ஓரிரு கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தால் அதற்கு அதுவே போதும். குதிரைக் கொட்டில், வியர்த்த தோல், மருந்துப் பிளாஸ்திரி போன்ற வாடை வரும். புட்டியிலும் வளரும் என்பதால் அதே பெட்டியின் இரண்டு புட்டிகள் இரண்டு விதமாக இருக்கலாம். சூடான இடத்தில் வைத்தால் விரைவுபடும். வெப்ப ஆண்டின் ஒயினைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

நிறமும் பிஎச்சோடு கட்டுண்டது. அமிலம் குறைந்தால் ஆந்தோசயனின் பளிச்சென்ற சிவப்பை இழந்து மங்கும். ஆகவே வெப்ப ஆண்டின் ஒயின் விளிம்பில் சீக்கிரமே பழுப்பேறும்.

தயாரிப்பாளர் அமிலம் சேர்த்திருந்தால் முதிர்ச்சியில் அது தெரியுமா?

சூடான நாடுகளில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது அன்றாட வேலை. பிரான்சின் குளிர்ந்த பகுதிகளில் விதி பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் சிறப்பு விலக்கு அளித்தது. நொதிப்பதற்கு முன் சாற்றிலேயே அளவாகச் சேர்த்தால் நன்றாகக் கலந்துவிடும், பிஎச் இறங்குவதால் ஆயுளும் கூடும். கடைசி நேரத்தில் சேர்த்தால் பழச்சுவை வற்றியபின் புளிப்பு மட்டும் தனியாக நாக்கின் ஓரத்தில் குத்தும்.

எந்தத் திராட்சை வகைகள் தாங்கும்?

கேபர்னே சாவிஞானின் தோல் தடிமன், டானினும் மிகுதி. வெயிலை ஓரளவு தாங்கி நீடிக்கும். மூர்வெத்ருக்கு வெயில் பிடிக்கும், ஆக்சிஜனையும் எதிர்த்து நிற்கும். நெபியோலோவுக்கு அமிலமும் டானினும் இயல்பிலேயே மிகுதி என்பதால் அதில் செய்யும் இத்தாலிய ஒயினான பரோலோவின் வெப்ப ஆண்டுகளிலும் முதுகெலும்பு இருக்கும், ஆனால் 2003 போன்ற ஆண்டில் டானின் காய்ந்துபோகும். மெர்லோ முன்பழுக்கும் வகை. அதிவெப்பத்தில் சர்க்கரை பறந்துபோய் மணம் ஜாமாகிவிடும். கிரெனாஷ் வெயிலில் செழிக்கும், ஆனால் நிறமும் டானினும் குறைவு, ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் ஆளாகும்; தெற்குப் பிரான்சின் ஷாட்டோநஃப் டு பாப் போன்ற இடங்களில் அதனுடன் மூர்வெத்ரும் சிராவும் கலப்பது அதன் குறையை ஈடுகட்டும். பினோ நுவாரின் மெல்லிய தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும். பர்கண்டியின் 2003 ஒயின்கள் பலவற்றில், எந்தக் கிராமத்து ஒயின் என்று சொல்லும் நுண்ணிய வேறுபாட்டை வெயில் மூடிவிட்டது.

என்னிடம் ஆறு புட்டிகள் இருக்கின்றன. எப்போது திறப்பது?

முதல் புட்டியை ஐந்தாம் ஆண்டில் திறந்து பாருங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் 45 பாகை சாய்த்து விளிம்பைக் கவனியுங்கள். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே செம்மை தொடர்ந்து இருந்தால் நல்லது. விளிம்பில் விரல்நகம் அகலத்துக்குப் பழுப்பு வளையம் தெரிந்தால் வேகமாக முதிர்கிறது. பிறகு ஒரு வாய் குடித்து, விழுங்கியபின் பத்து வினாடி காத்திருங்கள். வாயின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அமிலம் உயிரோடு இருக்கிறது. ஊறாமல் தொண்டையில் சூடும் ஈறில் வறட்சியும் மட்டும் தங்கினால் காத்திருந்து பயனில்லை.

அடுத்த சோதனைக்கு ஒருநாள் வேண்டும். புட்டியில் பாதியை மிச்சம் வைத்து, கார்க்கை மூடி, குளிர்பெட்டிக்கு வெளியே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மறுநாள் பழம் நிலைத்து மணம் விரிந்திருந்தால் இன்னும் ஐந்தாறு ஆண்டு தாங்கும். தட்டையாகி, வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் மணம் வந்தால் மீதி ஐந்து புட்டிகளையும் அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் குடித்துவிடுங்கள். சோதனை நல்லபடி அமைந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து போகலாம். தயங்கினால் முன்கூட்டித் திறப்பதே மேல். கொஞ்சம் இளமையான ஒயினைக் காற்றுப்பட வைத்துச் சரிசெய்யலாம், தளர்ந்ததை எதுவும் செய்ய முடியாது.

எப்படிச் சேமிக்க வேண்டும்?

12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம், இருட்டு, கார்க் நனையும்படி படுக்கை நிலை. வேதிவினைகள் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். எனவே 23 டிகிரி அறையில் வைத்த ஒயின் வேகமாக முதிர்வதோடு, சமைத்த பழ மணமும் ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே கனிந்துபோன பழத்தில் செய்த ஒயினுக்கு இது இரட்டை அடி. வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது அதைவிட மோசம்: திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும்.

பழைய புட்டியை வாங்கும்போது கார்க் புட்டி வாய்க்குமேல் எழுந்திருக்கிறதா, அதை மூடிய உறையின் கீழ் ஒட்டும் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சூடுபட்டது. ஒயின் மட்டம் கழுத்தின் அடியில் இருந்தால் இருபது வயதுக்கு நன்று. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் வேண்டாம். ஒன்றரை லிட்டர் மேக்னம் புட்டியில் காற்றின் பங்கு குறைவு என்பதால் மெதுவாக முதிரும்; 375 மி.லி. அரைப்புட்டி முந்திக்கொள்ளும். வெப்ப ஆண்டில் அரைப்புட்டிகளை வாங்கி வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பரிமாறும்போது?

பத்து ஆண்டுக்கு உட்பட்டதை ஒரு மணி நேரம் டிகேன்டரில் (காற்றுப்பட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) வைக்கலாம். அதற்கு மேற்பட்டதை ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்து வண்டல் அடியில் சேரட்டும். பழைய கார்க் உடையும். திருகு கம்பிக்குப் பதில் இரு தகடுள்ள திறப்பானைப் பயன்படுத்துங்கள், தகடுகளை இருபுறமும் மாறி மாறி அசைத்து இறக்கி, திருகியபடியே மேலே இழுங்கள். கழுத்தின் கீழ் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். தோளருகே கரும்புகைபோல் வண்டல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஊற்றியபின் நேரம் கடத்த வேண்டாம். பதினைந்து நிமிடத்துக்குள் கோப்பைக்கு வரட்டும்.

வெப்பநிலை 15 அல்லது 16 டிகிரி. 20 டிகிரிக்குப் போனால் ஆல்கஹால் ஆவி மணத்தை அமுக்கிவிடும். 14-க்குக் கீழே போனால் டானின் கரடாகும். கோப்பையில் சூடு ஏறும் என்பதால் ஒரு டிகிரி குறைவாகவே தொடங்குவது நல்லது.

திறந்தபோது வினிகர் மணம் வந்தால்?

லேசாக என்றால் இருபது நிமிடம் கோப்பையில் விட்டுப் பாருங்கள், சில பழைய ஒயின்களில் அது மணத்தைத் தூக்கிக் காட்டவும் செய்யும். நகப்பூச்சு நீக்கி போன்ற காரமான வாடை நிலைத்து நின்றால் அது எத்தில் அசிடேட்; காற்றில் போகாது. ஈரமான அட்டைப்பெட்டி வாடை கெட்ட கார்க்கால் வந்தது. அதற்கும் ஆண்டின் வெப்பத்துக்கும் தொடர்பு கிடையாது.

சமீபத்திய வெப்ப ஆண்டுகளை 2003-ஐப் போலவே பார்க்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இருபது ஆண்டில் தோட்ட வேலையே மாறிவிட்டது. முன்பு பழத்துக்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் களைந்தார்கள். இப்போது நிழலுக்காக இலையை விடுகிறார்கள். அதிகாலையிலோ இரவிலோ பறிக்கிறார்கள். தோலை ஊறவைக்கும்போது வெப்பத்தையும் நாட்களையும் குறைத்து, விதையிலிருந்து கரட்டு டானின் இறங்காமல் பார்க்கிறார்கள். புதிய ஓக் பீப்பாயின் பங்கும் பல இடங்களில் குறைந்துள்ளது. 2022 போர்தோவில் கடும் வறட்சி. ஆனால் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே வறண்டதால் கொடிகள் சிறிய பழமும் குறைந்த இலையுமாகத் தங்களைப் பழக்கிக்கொண்டன. ஒயின்கள் எதிர்பார்த்ததைவிடப் புத்துணர்ச்சியோடு வந்தன. அவற்றில் களிமண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் விளைந்தவற்றைப் பதினைந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்க நாங்கள் தயங்கமாட்டோம். மணல் நிலத்து மெர்லோவாக இருந்தால், புட்டியின் விலை எவ்வளவானாலும், எட்டாம் ஆண்டுக்குள் திறந்துவிடச் சொல்வோம்.